அம்மான்ல இருந்து ஒரு நாள்: பாலைவனக் கோட்டைகளும் அஸ்ரக் ஈரநிலமும், போலாமா வேணாமா?

ஜோர்டான் போறவங்க பெட்ரா, வாடி ரம், டெட் சீ எல்லாம் முடிச்சுட்டு அம்மான்ல ஒரு நாள் மிச்சம் இருக்கே என்ன பண்றதுன்னு முழிக்கிறப்ப ஹோட்டல் ரிசப்ஷன்ல இருந்து டாக்சிக்காரர் வரைக்கும் எல்லாரும் நீட்டுறது ஒரே விஷயம்தான், டெசர்ட் காசில்ஸ் டூர். காலைல கிளம்பினா சாயங்காலம் திரும்பிடலாம், மூணு கோட்டை, ஒரு ஓயாசிஸ்னு (அஸ்ரக் ஈரநிலத்ததான்) சொல்லுவாங்க. நான் குடுக்குற மார்க் அஞ்சுக்கு நாலு. அந்த நாலுல ரெண்டரை குசைர் அம்ராவுக்கு மட்டும், ஒண்ணு அந்த ஓயாசிஸுக்கு, மிச்ச அரைய மத்த ரெண்டு கோட்டையும் பங்கு போட்டுக்கட்டும். ஏஜென்சிக்காரங்க விக்கிறது இதுக்கு நேர் உல்டாவா இருக்கும், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கோட்டைன்னதும் அகழி, கொத்தளம், பீரங்கின்னு மனசுல வச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க. இதுல பாதிக்கும் சண்டைக்கும் சம்பந்தமே கிடையாது. 8ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல டமாஸ்கஸ்ல உக்காந்து இஸ்லாமியப் பேரரச ஆண்ட உமய்யா வம்சத்து ஆளுங்க வேட்டைக்கும் குளியலுக்கும் கச்சேரிக்கும், சுத்துப்பட்டு பழங்குடித் தலைவர்களைக் கூப்பிட்டு விருந்து வச்சு கைக்குள்ள வச்சுக்கவும் கட்டுன பங்களாக்கள்னு சொல்லலாம். வெளிய இருந்து பாத்தா சின்னதா, மண் கலர்ல, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு தோணும். உள்ள போனாதான் கதை.

போற வழி. அம்மான்ல இருந்து கிழக்கால போற 40ஆம் நம்பர் நெடுஞ்சாலைதான். ஒரு 60 கிலோமீட்டர்ல ஹரானா கோட்டை, அதுலருந்து 15, 16 கிலோமீட்டர்ல அம்ரா, இன்னும் ஒரு 25 போனா அஸ்ரக் டவுன், மூணாவது கோட்டையும் ஈரநிலமும் அங்கதான். அஸ்ரக்குக்கு சர்கா வழியா பஸ் இருக்கு, ஆனா நடுவுல ரோட்டோரத்துல நிக்கிற கோட்டைக்கெல்லாம் பஸ்ஸ நம்பிப் போக முடியாது, இறங்கிட்டா அடுத்து என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. ரெண்டே வழி, வாடகைக் கார் இல்லன்னா நாள் முழுக்க டாக்சி. நாலு பேர் சேந்தா டாக்சி கட்டுபடி ஆகும், தனியா போனா கொஞ்சம் வலிக்கும், ஏன்னா ஜோர்டான் தினார் டாலரை விட பெருசு, ஒரு தினாருக்கு கிட்டத்தட்ட 1.41 டாலர். பேரம் பேசும்போது ரூபாய்ல மனக்கணக்கு போடாதீங்க, நெஞ்சு வலிதான் வரும்.

ஜோர்டான் பாஸ் வாங்கிட்டு வந்தவங்களுக்கு மூணு கோட்டையும் அதுலயே அடக்கம், தனி டிக்கெட் வேணாம். 70 தினார்ல ஆரம்பிக்குது அந்த பாஸ், நாட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே வாங்கி மூணு ராத்திரியாவது தங்கினா 40 தினார் விசா காசும் மிச்சம், அதனால பெட்ரா போற எல்லாரும் எப்படியும் வாங்கியிருப்பீங்க. ஈரநிலம் மட்டும் இதுல வராது, அது இயற்கைப் பாதுகாப்புக்கான ராயல் சொசைட்டி நடத்துற இடம், தனி டிக்கெட். இந்த ஒரே காரணத்துக்காக பல பேர் கேட் வரைக்கும் வந்து திரும்பிப் போறாங்க. கண்ணால பாத்தேன், மனசு ஆறல.

நாங்க போனது ஒரு ஏஜென்சி மூலமா. பேரு வேணாம். புக் பண்றப்ப "ஃபுல் டே, நோ ஹர்ரி சார்"னு இனிக்க இனிக்கப் பேசினாங்க, வண்டில ஏறினதும் டிரைவர் கையில இருந்த பேப்பர்ல ஹரானா 30 நிமிஷம், அம்ரா 20 நிமிஷம், ஈரநிலம் "டைம் இருந்தா"ன்னு போட்டிருக்கு, ஆனா நடுவுல ஒரு கைவினைப் பொருள் கடைக்கு மட்டும் முழுசா முக்கால் மணி நேரம்! டிரைவர் பாவம் நல்ல மனுஷன், வயசானவர், அவர் மேல தப்பு இல்ல. கடை வேணாம், அந்த நேரத்த அம்ராவுக்கும் தண்ணி இருக்கிற இடத்துக்கும் குடுங்கன்னு சொன்னதும் சிரிச்சுக்கிட்டே பேப்பர மடிச்சு டாஷ்போர்டுல சொருகிட்டார். நீங்க புக் பண்றப்பவே இதப் பேசிருங்க, எந்த இடத்துல எவ்ளோ நேரம்னு வாட்ஸாப்ல எழுத்துல வாங்கிருங்க.

ஹரானாவ சீக்கிரமா சொல்லி முடிச்சிடறேன். போட்டோக்கு செம இடம், சதுரமா, பக்கத்துக்கு 35 மீட்டர், ரெண்டு மாடி, நடு முற்றத்த சுத்தி அறுபது ரூம் கிட்ட இருக்கு. பாத்தா இந்த லிஸ்ட்ல அசல் கோட்டை மாதிரி இருக்கிறது இதுதான், மூலைக்கு மூலை உருண்டைத் தூண், சுவத்துல வரிசையா ஒல்லி ஓட்டை. எல்லா கைடும் அம்பு விடுற ஓட்டைன்னு சொல்லுவான், நம்பாதீங்க, உள்ள போய் நின்னு பாருங்க, நம்ம தலைக்கு மேல எங்கயோ இருக்கு, அங்க நின்னு அம்பு விடணும்னா ஏணி போடணும். காத்துக்கும் வெளிச்சத்துக்கும் வச்சது, அவ்ளோதான். வியாபாரிங்க தங்குற சத்திரம்னும் சொல்லுவாங்க, அதுவும் ஒட்டல, சத்திரம்னா ஒட்டகத்துக்குத் தண்ணி வேணாமா, இங்க பெருசா தண்ணி வசதியே கிடையாது, பெரிய வியாபாரப் பாதையும் இந்தப் பக்கம் இல்ல. கூட்டம் போட்டுப் பேசுற இடமா இருந்திருக்கும்ங்கிறதுதான் இப்ப நிறைய பேர் ஒத்துக்கிறது. மாடில ஒரு ரூம்ல கி.பி. 710 நவம்பர்னு தேதி போட்டு யாரோ கிறுக்கி வச்சிருக்காங்க, அத வச்சுதான் கட்டடம் அதுக்கு முந்துனதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. சுவத்துல பேரு கிறுக்குற பயபுள்ளைங்க 1300 வருஷம் முன்னாடியே இருந்திருக்கானுங்க, அதுவும் ஆராய்ச்சிக்கு உதவியிருக்கு பாருங்க. மாடி ரூம்ல சுண்ணாம்புல பண்ணின வட்ட வட்டமான பூ வேலைய பாக்காம இறங்காதீங்க, பாரசீக சாயல் அதுல நல்லாத் தெரியும்.

அம்ரா. வெளிய இருந்து பாத்தா மூணு பீப்பாய கவுத்து வச்ச மாதிரி கூரை, பக்கத்துல ஒரு சின்ன குவிமாடம், அவ்ளோதான் மொத்தமே. இதுக்கு 1985ல பெட்ரா கூடவே சேத்து யுனெஸ்கோ பட்டியல்ல இடம் குடுத்திருக்காங்கன்னா காரணம் உள்ள இருக்கு. கதவு தாண்டுனதும் ஒண்ணும் தெரியாது, வெயில்ல இருந்து வந்த கண்ணுக்கு கருப்பாதான் இருக்கும், அப்பிடியே ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க, மெதுவா சுவரெல்லாம் மனுஷங்க வர ஆரம்பிப்பாங்க. தரைல இருந்து கூரை வரைக்கும் ஓவியம். இஸ்லாமியக் கலைன்னா உருவமே இருக்காது, கோலமும் எழுத்தும்தான்னு நினைச்சுட்டு இருந்தவன் நான், இங்க குளிக்கிற பொம்பளைங்க, ஆடுற பொம்பளைங்க, காட்டுக் கழுதைய வலைக்குள்ள விரட்டுற வேட்டை நாய்ங்க, ஒரு பக்கம் கூரையில கட்டம் கட்டமா கல்லு உடைக்கிறவன், மரம் அறுக்கிறவன்னு வேலைக்காரங்க. உடை மாத்துற சின்ன ரூம் கூரையில ஒரு கரடி உக்காந்து தந்தி வாத்தியம் வாசிக்குது! சத்தியமா. பக்கத்துலயே அத ரசிக்கிற குரங்கு. கழுத்து வலிக்க வலிக்க பாத்துட்டே இருந்தோம்.

இத கட்டுனவன் வலீத் இப்னு யசீத், அப்ப அவன் இளவரசன், சித்தப்பா ஹிஷாம் காலிஃபா, அதாவது பேரரசோட தலைவரா, இருந்த காலம், இவனுக்கு கவிதை, மது, வேட்டைதான் பொழுதுபோக்கு. 2012ல சுவரைச் சுத்தம் பண்ணும்போது அவன் பேரு இருக்கிற எழுத்து வெளிய வந்துச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும் யார் கட்டுனதுன்னு ஒரு பெரிய சண்டையே ஓடிட்டு இருந்துச்சாம். 743ல ஒருவழியா காலிஃப் ஆனான், அடுத்த வருஷமே கொன்னுட்டாங்க. 750ல உமய்யா வம்சமே காலி, அதிகாரம் ஈராக் பக்கம் போயிடுச்சு, இந்த பங்களாக்களுக்கு வர ஆளில்ல.

மேற்குப் பக்க சுவத்துல ஆறு ராஜாக்கள் படம் இருக்கு, பெரும்பாலும் அழிஞ்சுபோச்சு, டிரெஸ் விளிம்பும் கையும்தான் தெரியும், ஆனா கிரேக்கத்துலயும் அரபியிலயும் மேல பேரு எழுதியிருந்ததால நாலு பேர் யாருன்னு தெரிஞ்சிருக்கு, பைசாண்டிய சீசர், பாரசீக குஸ்ரோ, அபிசீனிய (இன்னிக்கு எத்தியோப்பியா) நெகஸ், ஸ்பெயின் ரோட்ரிக். ரோட்ரிக் உமய்யா படை 711ல ஸ்பெயினுக்குள்ள போனப்ப தோத்த ராஜா. அதாவது உலகத்துப் பெரிய ராஜாங்க எல்லாம் வரிசையா நின்னு கை நீட்டுறாங்க, நடுப்பக்கம் வலீத் உக்காந்திருப்பான், அந்த கெத்து. இதெல்லாம் ஒரு குளியலறைக்கு முன்னாடி இருக்கிற ஹால்ல!

குளியலறைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மிதமான சூடு ரூம், அதுக்கு அடுத்து நல்ல சூடு ரூம், பின்னாடி அடுப்பு, தரைக்கு அடில சூடான காத்து ஓடுற மாதிரி ரோமானியர் டெக்னிக். சூடு ரூமுக்கு மேல இருக்கிற குவிமாடத்துல ராசி மண்டலம் வரைஞ்சிருக்காங்க, தனுசு, கரடி, வேட்டைக்காரன்னு நட்சத்திரக் கூட்டமெல்லாம் இருக்கு. வளைஞ்ச கூரையில வானத்த வரைஞ்சதுல இன்னிக்கு மிஞ்சி இருக்கிறதுல இதுதான் ரொம்பப் பழசு. வேடிக்கை என்னன்னா வானம் இடம் வலம் மாறி இருக்கு, ஏன்னா வரைஞ்சவர் மேல அண்ணாந்து பாத்து வரையல, வான உருண்டைய வெளிய இருந்து பாக்குற படம் ஒண்ண பாத்து காப்பி அடிச்சிருக்கார். வெந்நீர்ல படுத்துக்கிட்டு அந்த இளவரசன் இத கண்டுபிடிச்சிருப்பானான்னு தெரியல.

வெளிய வந்ததும் எல்லாரும் நேரா வண்டிக்குப் போயிடுறாங்க, போகாதீங்க. கட்டடத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஆழக் கிணறு, அத ஒட்டி வட்டமா ஒரு தளம். மாடோ கழுதையோ செக்கு இழுக்கிற மாதிரி அந்தத் தளத்துல சுத்திச் சுத்தி வந்து தண்ணி இறைச்சு தொட்டில கொட்டும், அங்கிருந்து குழாய்ல குளியலறைக்கு. எட்டிப் பாத்தா இப்ப வறண்டு கிடக்கு. ஓவியம், ராஜா, கரடி எல்லாமே இந்தக் கிணத்துல தண்ணி இருந்ததாலதான்னு அங்க நின்னப்பதான் உறைச்சுது, அடுத்து பாக்கப்போற இடத்துக்கும் இது நல்ல முன்னுரை.

ஒரு குறை சொல்லணும்னா, விளக்கப் பலகை போதாது. எந்த சுவத்துல எந்தப் படம்னு தெரியாம நிறைய பேர் ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு வெளிய வந்துடுறாங்க. முன்னாடியே போன்ல படங்கள இறக்கி வச்சுக்கோங்க, வரவேற்பு மையத்துலயும் படம் போட்டு விளக்கம் இருக்கு, அத முதல்ல பாத்துட்டு உள்ள போங்க. ஃப்ளாஷ் அடிக்காதீங்க. 1898ல அலோயிஸ் மூசில்ங்கிற செக் நாட்டு அறிஞர் இத வெளி உலகத்துக்குச் சொன்னதுல இருந்து இந்த ஓவியங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல. அவர் கூட வந்த ஓவியர் தெளிவாத் தெரியணும்னு மருந்து போட்டுத் தேய்ச்சது, ஒரு துண்டைப் பேத்து எடுத்துட்டுப் போனது, அப்புறம் 1970கள்ல ஸ்பெயின் டீம் மேல கொஞ்சம் பெயிண்ட் சேத்தது, 2010க்கு அப்புறம் இன்னொரு டீம் வந்து அத பொறுமையா சுரண்டி எடுத்தது. சுரண்டி எடுத்த இடத்துல கலர் எப்பிடி ஜொலிக்குது தெரியுமா, அந்த நீலம்!

அஸ்ரக் போற ரோடு ஒரே நேர்கோடு, லாரி லாரி லாரி. சவூதிக்கும் ஈராக்குக்கும் ரோடு பிரியுற ஊரு அது, அதனால டவுன் முழுக்க மெக்கானிக் ஷெட், டயர் கடை, லாரிக்காரங்களுக்கான சாப்பாட்டுக் கடை. அழகான ஊர்னு சொல்ல மாட்டேன். ஆனா சாப்பாடு அம்மான் டூரிஸ்ட் ஹோட்டல விட நல்லா இருந்துச்சு, விலையும் கம்மி. நாங்க போனது போர்டு அரபில மட்டும் இருக்கிற ஒரு கடை. அப்பத்தான் அடுப்புல இருந்து வந்த ரொட்டி, ஹம்மஸ், ஃபலாஃபெல், கரி அடுப்புல சுட்ட கோழி, ஊறுகாய் போட்ட டர்னிப், கடைசியா புதினா போட்ட டீ, சர்க்கரை மட்டும் நம்ம டீக்கடைக்காரரே மிரண்டுடற அளவு. சைவம் சாப்பிடறவங்களுக்கு கவலையே வேணாம், ஹம்மஸ், ஃபூல் (மசிச்ச பீன்ஸ்), முத்தபல் (சுட்ட கத்திரிக்கா மசியல்)னு வயிறு நெறஞ்சிடும்.

அஸ்ரக் கோட்டை கருப்பு எரிமலைக் கல்லுல கட்டுனது. அடித்தளம் ரோமானியர் காலம், இப்ப நிக்கிறது 1237ல ஐபக்னு ஒரு அய்யூபிய ஆளுநர் திருப்பிக் கட்டுனது. வெள்ளைக்காரங்க எல்லாம் இங்க வர்றது லாரன்ஸ் ஆஃப் அரேபியாவுக்காக, முதல் உலகப் போர்ல அரபுங்க கூட சேந்து துருக்கிக்கு எதிரா சண்டை போட்ட பிரிட்டிஷ் அதிகாரி, 1917-18 குளிர்காலத்துல அவர் இங்க தங்கியிருந்தார், வாசலுக்கு மேல இருக்கிற ரூம காட்டி இதுதான் அவர் ரூம்னு சொல்லுவாங்க. காலி ரூம், ஒண்ணும் இல்ல. எனக்குப் பிடிச்சது கதவு. மரம் இல்ல, இரும்பு இல்ல, முழுக் கல்லு. ஒத்தைக் கல் பலகை, டன் கணக்கு வெயிட், மேலயும் கீழயும் கல்லுலயே முளை செதுக்கி குழில பொருத்தியிருக்கு, எண்ணெய் விட்டா சுத்தும். டிரைவர் தோள வச்சு ஒரு தள்ளு தள்ளினார், அது நர்ர்ர்ருன்னு நகந்துச்சு, கூட வந்த பசங்களுக்கு அன்னிக்கு முழுக்க ஹைலைட்டே அதுதான். வாசல் பக்கத் தரைல கல்லுல குழி குழியா இருக்கு, காவக்காரங்க பொழுது போக விளையாடினதாம். அரை மணி நேரம் போதும் இந்த இடத்துக்கு. 1927 நிலநடுக்கத்துல நிறைய இடிஞ்சுபோச்சு, நடுவுல சின்ன மசூதி மட்டும் நல்லா இருக்கு.

இனி ஈரநிலம். இதப் பத்தி நெட்ல இருக்கிற ரிவ்யூல பாதி "தண்ணியே இல்ல, நாணல்தான் இருக்கு, வேஸ்ட்"னு இருக்கும். அவங்க சொல்றதுல பொய் இல்ல, நிறைய தண்ணிய எதிர்பாத்துப் போனா சின்னதாதான் இருக்கும். ஆனா ஏன் சின்னதா இருக்குங்கிறதுதான் இங்க பாக்க வேண்டியதே. ஒரு காலத்துல பெரிய ஊற்றுங்க பொங்கி, குளமும் சதுப்புமா கிடந்த இடம். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவுல பறக்கிற பறவைங்க பாலைவனத்துல இறங்குறதுக்கு இருந்த ஸ்டாப் இது, 1967 பிப்ரவரி 2ஆம் தேதி ஒரே நாள்ல 3 லட்சத்து 47 ஆயிரம் பறவை எண்ணியிருக்காங்க. 1977ல ராம்சர் பட்டியல் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட லிஸ்ட்), அடுத்த வருஷம் காப்பகம். அப்புறம் அம்மான் வளர வளர குடிதண்ணிக்கு இங்கிருந்து பைப்பு போட்டு உறிஞ்ச ஆரம்பிச்சாங்க, சுத்தி விவசாயக் கிணறு வேற, கணக்குல வராதது எத்தனையோ. 1992ல ஊற்று மொத்தமா நின்னுபோச்சு. ஆயிரக்கணக்கான வருஷமா ஓடுன தண்ணி, நாப்பது வயசு ஆளு ஒருத்தர் வாழ்நாளுக்குள்ள காணாமப் போயிடுச்சு. தரை காஞ்சு வெடிச்சு, அடில இருந்த கரி மண்ணு தீப்பிடிச்சு எரிஞ்சிருக்கு.

1994ல இருந்து வருஷத்துக்கு 15 லட்சம் கன மீட்டர் தண்ணிய பம்ப் பண்ணி திரும்ப விடுறாங்க. முழுசா பழையபடி ஆக்க முடியாது, அவங்க குறி வச்சதே பழைய பரப்புல 10 சதவீதம்தான். அதத்தான் நம்ம பாக்கப் போறது. மரப்பலகை நடைபாதை, ரெண்டு பக்கமும் ஆளை விட உசரமான நாணல், உள்ள எங்கயோ பறவை சத்தம், பறவை பாக்க ஒரு மறைவுக் குடிசை. உக்காந்து கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருந்தா நாணலுக்குள்ள இருந்து ஒவ்வொண்ணா வெளிய வரும், கும்பலா கத்திட்டுப் போனா ஒண்ணும் தெரியாது. நீர் எருமைங்க இருக்கு, சும்மா அழகுக்கு இல்ல, அதுங்க மேஞ்சாதான் நாணல் தண்ணிய மூடாம இருக்கும்.

எல்லாத்தையும் விட எனக்கு மனசுல நின்னது விசிட்டர் சென்டர் தொட்டில இருக்கிற மீன். விரல் நீளம் கூட இல்ல, ஆணுக்கு ஒடம்புல கருப்பும் வெள்ளியுமா வரி. அஸ்ரக் கில்லிஃபிஷ், உலகத்துல இந்த ஒரு இடத்துல மட்டும்தான் இருக்கு. தண்ணி வத்துனப்ப கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, மிச்சம் இருந்த கொஞ்சத்தப் பிடிச்சு வளத்துத் திருப்பி விட்டிருக்காங்க. மத்த மீனுங்க வெளிய இருந்து கொண்டு வந்து விட்டது, அதுங்க இதோட முட்டையத் தின்னுடுதாம், அதனால இதுக்குன்னு தனிக் குளம். அங்க வேலை பாக்குற தம்பி இத சொல்றப்ப சொந்தப் பிள்ளையப் பத்திப் பேசுற மாதிரி பேசினாரு, டிக்கெட் காசு அதுலயே செரிச்சிடுச்சு எனக்கு. அவர்கிட்ட கேள்வி கேளுங்க, கேட்டாதான் சொல்லுவாங்க.

எப்ப போலாம்? பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் பெஸ்ட், பறவையும் இருக்கும் வெயிலும் தாங்கும். ஜூலை ஆகஸ்ட்ல குழந்தைங்கள கூட்டிட்டுப் போகாதீங்க, ஹரானா பக்கம் ஒரு மர நிழல் கூட கிடையாது. வரிசை மாத்துறது நல்லது, காலைல கிளம்பி நேரா அஸ்ரக் போய் ஈரநிலத்த முதல்ல பாத்துடுங்க, பறவைங்க காலைலதான் சுறுசுறுப்பா இருக்கும். அப்புறம் கோட்டை, சாப்பாடு, திரும்பி வர்ற வழியில அம்ரா, கடைசியா ஹரானா, அதுக்கு நேரம் இல்லன்னாலும் பெரிய நஷ்டம் இல்ல. ஆனா அம்ரா மூடுற நேரத்த முன்னாடியே கேட்டுக்கோங்க, குளிர்காலத்துல சீக்கிரம் பூட்டிடுவாங்க.

சொந்தமா கார் ஓட்டுறவங்களுக்கு, காலைல கிழக்கால போறப்பவும் சாயங்காலம் மேற்கால வர்றப்பவும் வெயில் நேரா கண்ணுல அடிக்கும், லாரி வேற, கூலிங் கிளாஸ் கட்டாயம். பெட்ரோல் அம்மான்லயே போட்டுருங்க. ஒரு ராத்திரி தங்க முடியும்னா அஸ்ரக் லாட்ஜ்னு ஒண்ணு இருக்கு, 1940கள்ல பிரிட்டிஷ்காரங்க ராணுவ ஆஸ்பத்திரியா கட்டுனது, இப்ப அதே ராயல் சொசைட்டி நடத்துது, ஊர்ல இருக்கிற செச்சென் குடும்பங்க சமைக்கிற சாப்பாடு கிடைக்கும். அங்க தங்கினா அடுத்த நாள் காலைல பக்கத்துல இருக்கிற ஷௌமரி காப்பகத்துல அரேபிய ஓரிக்ஸ் மானையும் பாத்துட்டு வரலாம், ரூம் கொஞ்சம்தான், முன்னாடியே போன் பண்ணி புக் பண்ணிடுங்க.